கண்டெய்னர் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழில் டாக்கர் (மென்பொருளைக் 'கண்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவைக்கும் கருவி) சொல்லித்தரும் உங்களால்தான் எங்கள் டீமுக்கு ஆள் கிடைக்கிறது. வருகிறவர்களுக்குக் கண்டெய்னருக்கு அச்சான இமேஜ் கட்டத் தெரிகிறது, பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸ் கோப்பு எழுதத் தெரிகிறது. குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை என்றால் அது பொய். ஒரு குறை உண்டு. அதன் பெயர் 'மைனஸ் பி' (-p). கண்டெய்னரின் போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, வெளியே திறந்துவிடும் டாக்கர் குறி அது. கம்போஸ் கோப்பில் அதே வேலையைச் செய்வது 'போர்ட்ஸ்' வரி.

சில மாதங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, வாடகை வி.பி.எஸ். (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் டெஸ்ட் சர்வர் அமைத்தான். ஆப் ஒரு கண்டெய்னரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்னொன்றில். இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமே என்று 5432:5432 (சர்வரின் போர்ட்:கண்டெய்னரின் போர்ட்) என்று போர்ட்டைத் திறந்துவிட்டான். கவனக்குறைவானவன் என்று சொல்ல முடியாது. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்டுகள் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தான். பாஸ்வேர்ட் மட்டும் பழைய 'போஸ்ட்கிரெஸ்'தான். சில நாளில் தரவு முழுவதும் காலி. மிஞ்சியது ஒரே டேபிள், அதில் பிட்காயின் அனுப்பச் சொல்லி ஒரு வரி. நல்லவேளை, எல்லாம் போலித் தரவு.

"ஃபயர்வால் போட்டிருந்தேனேண்ணா" என்றான். போட்டுத்தான் இருந்தான். ஆனால் போர்ட்டைத் திறக்கச் சொன்னதும் டாக்கர் தானே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் விதி எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் முகவரி வாசலிலேயே கண்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுவதால், அது வேறிடத்துக்குக் கடத்தும் 'ஃபார்வர்ட்' வழியாகப் போய்விடும். யுஎஃப்டபிள்யூவில் அவன் எழுதிய விதிகள் காவல் நிற்பதோ சர்வருக்கே வருவதைப் பார்க்கும் 'இன்புட்' வாசலில். முகவரி குறிப்பிடாவிட்டால் 0.0.0.0, அதாவது அந்த சர்வரின் எல்லா முகவரியிலும் திறப்பு. டாக்கரின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. முதல் வாரத்தில் கையேடு படிக்கிற மாணவனை நான் பார்த்ததில்லை, நானும் படித்ததில்லை.

எனக்கு வருத்தம் அந்த வரி தேவையே இல்லை என்பதில்தான். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கண்டெய்னர்கள் பேச எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டாம். நாமாக உருவாக்கும் நெட்வொர்க்கில் 127.0.0.11 என்ற முகவரியில் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டாக்கரின் டிஎன்எஸ் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பில் 'டிபி' என்று சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் போதும். கம்போஸ் அந்த நெட்வொர்க்கைக் கேட்காமலே கட்டித்தருகிறது. ஆனால் பல பாடங்கள் 172.17.0.0/16இல் டாக்கர் தானாகவே வைத்திருக்கும் பழைய 'பிரிட்ஜ்' நெட்வொர்க்கோடு நின்றுவிடுகின்றன. அங்கே பெயர் வேலை செய்யாது. ஐபியை எழுதிவைத்தால் ரீஸ்டார்ட்டில் மாறிப்போகலாம். 'லோக்கல்ஹோஸ்ட்' என்றாலோ அந்தக் கண்டெய்னர் தன்னையே தேடும். மூன்றும் கைவிட்ட பிறகுதான் பையன் மைனஸ் பி பக்கம் ஓடுகிறான்.

உங்களிடம் கேட்பது ஒரு மணி நேரம். டாக்கரைத் தொடுமுன், ஒரு லினக்ஸ் லேப்டாப்பில் 'ஐபி நெட்என்எஸ்' கட்டளையால் இரண்டு நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் அறைகள்) உருவாக்கச் சொல்லுங்கள். ஒரு 'வெத்' ஜோடி, அதாவது இரண்டு முனையுள்ள ஒரு வயர். முனைக்கு ஒரு நேம்ஸ்பேஸ், 10.0.0.1, 10.0.0.2 என்று முகவரி, பிறகு பிங். முதல் தடவை பதில் வராது, ஏனென்றால் இன்டர்ஃபேஸை 'அப்' செய்ய எல்லோரும் மறப்பார்கள். மறக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மூன்றாவது நேம்ஸ்பேஸ் கேட்கும்போது, பல வயர்களை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜ் எதற்கென்று தானே புரியும். அதன் பிறகு டாக்கரைத் திறந்தால், அது செய்வதும் இதே வேலைதான் என்று பார்த்துக்கொள்வார்கள். பல சர்வர்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் விஎக்ஸ்லான் போடுவதெல்லாம் பிறகு, தேவைப்படுகிறவர்களுக்கு.

டேட்டாபேஸைத் தன் லேப்டாப்பிலிருந்து எட்டிப்பார்க்க வேண்டும் என்று மாணவர் கேட்பார், நியாயம்தான். 127.0.0.1:5432:5432 என்று எழுதக் காட்டுங்கள். 127.0.0.1 என்பது அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி. சர்வர் என்றால் எஸ்எஸ்எச் டன்னல் (பாதுகாப்பான இணைப்பு) வழியாக அதே முகவரிக்கு வரலாம்.

எங்கள் தம்பியின் கோப்பில் அந்த 'போர்ட்ஸ்' வரியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினோம். ஆப் எப்போதும்போல ஓடியது. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்போ இதை ஏன்ணா எழுதச் சொன்னாங்க?"

அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒருவன்