யாருடைய ஆள்?

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

உமது கடிதம் கிடைத்தது. உயர்தரப் பிள்ளைகளுக்கு, சேவைக்குப் பதிலாகக் காணி கொடுக்கும் நிலமானியத்தையும் முடியாட்சியையும் நடுவில் கோடு கீறி ஒப்பிட்டுக் காட்டப்போவதாக எழுதியிருந்தீர். அந்தக் கோடுதான் எனக்குச் சம்மதமில்லை. நிலமானியத்திலும் அரசன் இருந்தானே. ஊரில் வாள் வைத்திருப்பவன் யாருடைய ஆள் என்று பிள்ளைகளைக் கேளும்.

987இல் பிரான்சில் முடிசூடிய ஹியூ கப்பே பெயருக்கு முழு நாட்டுக்கும் ராசா. கைக்குள் இருந்தது பாரிசையும் ஓர்லியன்சையும் அண்டிய நிலம்தான். மற்ற இடங்களில் கோமகன்மார் தாங்களே வரி எடுத்தார்கள், தாங்களே வழக்கும் தீர்த்தார்கள். அவர்களிடம் காணி பெற்றவன் கூப்பிய கைகளை அவர்களுடைய கைகளுக்குள் வைத்துச் சத்தியம் செய்தான். அரசனுக்கு அல்ல. "என் ஆளின் ஆள் என் ஆளல்ல" என்பது அக்காலச் சட்ட வழக்கு.

நோர்மண்டிக் கோமகன் வில்லியத்துக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும், பிரெஞ்சு அரசனுக்குக் கீழே அவனே அப்படித்தான் இருந்தான். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்தவன், 1086இல் முக்கிய நிலக்காரர் எல்லாரையும் சோல்ஸ்பரிக்கு அழைத்து, எந்தப் பிரபுவின் ஆளானாலும் தனக்கு நேரே சத்தியம் செய்யவைத்தான். காணி, கலப்பை, ஆலை என்று எண்ணிய டூம்ஸ்டே கணக்கெடுப்பும் அதே ஆண்டுதான். மானியம் அப்படியே இருந்தது, பிடி அரசனிடம் வந்தது.

படைச் சேவையை விரிவாகவே சொல்லிக்கொடும். காணிக்காக வீரன் கொடுக்கவேண்டியது வழக்கமாக ஆண்டுக்கு 40 நாள். ஒரு கோட்டையை முற்றுகையிட்டால் 40 நாளில் முடியுமா? நாள் முடிந்ததும் ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே அரசர்கள் ஆளுக்குப் பதில் பணம் கேட்டார்கள். 1159இல் துலூஸ் படையெடுப்புக்கு இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றி இந்தக் 'கேடயப் பணத்தை' பெருமளவில் அறவிட்டு, கூலிப்படை பிடித்தான். காசு கைக்கு வந்தால் பிரபுவின் தயவு தேவையில்லை. அவனுடைய மகன் ஜோன் அரசனாகி அதை அளவுமீறிக் கேட்டதும், பிரபுக்கள் அவனிடம் வற்புறுத்திப் பெற்ற மகா சாசனம் வந்தது, 1215. பொது ஆலோசனையின்றிக் கேடயப் பணம் இல்லை, பிரபுவின் வாரிசு காணியை ஏற்கக் கட்டுவது 100 பவுண் மட்டும் என்று எழுதினார்கள். முதல் விதியை 1216 மறுவெளியீட்டிலேயே எடுத்துவிட்டார்கள், பாடக்குறிப்புகளில் இது விடுபடுவதுண்டு.

இங்கத்தைய உதாரணம் இல்லாமல் பாடத்தை முடிக்கவேண்டாம். கண்டியிலும் சேவைக்குக் காணி கொடுத்தார்கள், அந்தச் சேவைதான் இராசகாரியம். ஆனால் மாகாணத்தை ஆளும் பிரதானியான திசாவையை அரசன் நியமிப்பான், நீக்கவும் செய்வான். இது நிலமானியத்தின் உடல், முடியாட்சியின் தலை. ஆனாலும் 1815இல் அந்தப் பிரதானிகளே அரசனைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் வைத்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

நமது வன்னிமைகள், அதாவது வன்னிச் சிற்றரசர்கள், வேறு மாதிரி. யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூருக்குத் திறை கட்டினாலும் தங்கள் நிலத்தைத் தாங்களே ஆண்டார்கள். 1619இல் அதன் அரசன் இரண்டாம் சங்கிலி போர்த்துக்கேயரிடம் பிடிபட்டபோது நல்லூர் அரசு முடிந்தது, வன்னி முடியவில்லை. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கும்வரைக்கும் அந்தத் தொடர்ச்சி இருந்தது. பிரெஞ்சுக் கோமகன்மாருக்குக் கிட்ட வருபவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். நீர் மறுப்பீர் என்று தெரியும். திறை பற்றி உம்மிடம் இருக்கும் குறிப்புகளையும் மறுப்போடு சேர்த்து அனுப்பும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்