பச்சைத் துணி தைத்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வேலைவாய்ப்பு இணைப்பில் சினிமாவில் கம்ப்யூட்டர் காட்சிகளுக்குப் பொறுப்பாளரான விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் வேலையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் கோர்ஸ் படித்தால் போதும் என்று அதில் ஒரு வரி. அதே மாதிரி ஒரு வரியை நம்பி வீட்டு நகையை அடகு வைத்தவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் வந்தவர்கள் 40 அடிக்கு 20 அடியில் பச்சைத் துணி தைக்கச் சொன்னார்கள். கிரீன் மேட் என்பார்கள். நடிகருக்குப் பின்னால் கட்டிப் படம் பிடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை நீக்கி வேறு காட்சியை வைப்பார்கள். சினிமாதானே என்று நல்ல பளபளப்பான துணியாக எடுத்து வைத்திருந்தேன். சூப்பர்வைசர் நேரிலேயே கடைக்கு வந்தார். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் என் கைக்குப் பக்கத்தில் பிடித்து, "மாஸ்டர், உங்க கையைப் பாருங்க" என்றார். முழங்கை ஓரமெல்லாம் லேசாகப் பச்சை அடித்தது. "இது நடிகர் முகத்துல விழுந்தா ஒவ்வொரு ஃப்ரேமா எடுக்கணும். ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம்" என்றார். முப்பது வருஷமாகத் துணியோடு இருக்கிறேன், துணியிலிருந்து நிறம் பக்கத்துப் பொருளின் மேல் ஏறுவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மங்கலான பருத்தித் துணி எடுத்துத் தைத்தேன். தையல் மடிப்பு நிழல் விழுந்துவிடும் என்று அதையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கச் சொன்னார்.

துணி கட்ட நானும் போயிருந்தேன். ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி ஒரு இடத்தில் சுருங்கினால் ஒரே பச்சை பத்து விதப் பச்சையாகிவிடும், அப்புறம் கம்ப்யூட்டரில் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினோம். நடிகரை அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிறுத்தினார்கள். ஷாட் முடிந்ததும் எல்லோரும் டீக்குப் போக, சூப்பர்வைசர் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு கேமராவின் உயரம், நடிகர் நின்ற தூரம், என்ன லென்ஸ், எவ்வளவு சாய்வு என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினார். கண்ணாடி மாதிரி ஒரு வெள்ளி உருண்டை, சாம்பல் நிறத்தில் இன்னொரு உருண்டை, இரண்டையும் நடிகர் நின்ற இடத்திலேயே வைத்துப் படம் பிடித்தார். அந்த இடத்து வானமும் வெளிச்சமும் வெள்ளி உருண்டையில் தெரியும். வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு அழுத்தம் என்பதைச் சாம்பல் உருண்டை சொல்லும். நாளைக்குக் கம்ப்யூட்டரில் உருவாக்கும் யானை மீதும் அதே வெயில் விழ வேண்டுமே. ஆளைக் கூடவே வைத்துக்கொள்ள முடியாததால் அளவை எழுதி வைத்துக்கொள்கிறோமே, நம் தொழில் மாதிரியே இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஷூட்டிங்குக்கு முன்னாலும் பின்னாலும் அவருக்கு வேலை உண்டு. கதையைப் படித்து எத்தனை ஷாட், எவ்வளவு செலவு, எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். எதைக் கம்ப்யூட்டரில் செய்யலாம், எதை நிஜமாகவே எடுத்துவிடலாம் என்று டைரக்டரிடம் தைரியமாகச் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1984-லேயே 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்தார்கள். கலை இயக்குநர் கே. சேகர் வடிவமைத்த அறையையே சுழலவிட்டு எடுத்தார்கள், கம்ப்யூட்டர் கிடையாது. 'எந்திரன்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் ஸ்ரீனிவாஸ் மோகன் போன்றவர்களும் பல வருஷம் ஷாட் ஷாட்டாகப் பழகித்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

என் மகளுக்கு இந்த ஆசை அந்தத் துணியைப் பார்த்துத்தான் வந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் 1,80,000 ரூபாய் கட்டினேன். ஒரே வருஷத்தில் சூப்பர்வைசர் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். சென்னையில் அவளுக்குக் கிடைத்தது ரோட்டோ வேலை, மாதம் 12,000 ரூபாய். நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். நாலு செகண்ட் ஷாட் என்றால் 96 ஃப்ரேம். காற்றில் பறக்கும் முடி இருந்தால் அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. ஆறு வருஷம் கழித்து இப்போதுதான், பிரித்தெடுத்த படங்களை ஒரே காட்சியாகச் சேர்க்கும் காம்பாசிட்டர் ஆகியிருக்கிறாள். "இன்னும் பத்து வருஷம்கூட ஆகலாம்ப்பா, கண்ணு பழகணும்" என்கிறாள். அவளுக்கு வருத்தமில்லை. எனக்குத்தான் அந்த நோட்டீஸை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வேலை நிச்சயமில்லாத தொழில் என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். 2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் விஎஃப்எக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தின் புலியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதம் திவால் மனு போட்டிருந்தது. இப்போது ரோட்டோ வேலையில் பாதியை ஏஐ செய்துவிடும் என்று மகளின் அலுவலகத்தில் பேச்சு. முதல் படியையே எடுத்துவிட்டால் புதிதாக வரும் பிள்ளைகள் எதில் கண்ணைப் பழக்குவார்கள் என்று அவள் கேட்கிறாள்.

எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிப்பது என்று தமிழில் சொல்ல உங்கள் பத்திரிகை மாதிரி ஒன்றிரண்டுதான் உண்டு. அடுத்த முறை ரோட்டோ அறையில் உட்கார்ந்திருக்கும் நாலு பிள்ளைகளிடம் பேசி, முதல் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, அடுத்த படிக்கு எத்தனை வருஷம் என்று போடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் பயிற்சி நிலையத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டால், அந்தப் பக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். பள்ளி யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகளும் பெற்றோரும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.