பின்சக்கர டயர்களைத் தவறாகப் பரிந்துரைத்து விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டயர் விற்பனை நிறுவனம், தலைமை அலுவலகம்.

பொருள்: 275/40 ஆர்19 அளவுள்ள இரண்டு பின்சக்கர டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்கள் கோவை கிளையில் என் காருக்குப் பின்சக்கர டயர்கள் இரண்டை வாங்கி, அங்கேயே மாட்டி, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்துகொண்டேன். அந்த டயர்கள் என் வண்டிக்கு ஏற்றவை அல்ல என்பதையும், நான் வாய்விட்டுக் கேட்ட பின்பும் அவை என் தலையில் கட்டப்பட்டன என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பில் நகலையும் டயர்களின் பக்கச்சுவர்ப் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

என் வண்டி 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மஸ்டாங் ஜி.டி. ஐந்து லிட்டர் வி8 எஞ்சினும், 401 பி.எஸ். (குதிரைத்திறன்) சக்தியும், 515 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசையும்) கொண்ட பின்சக்கர இயக்க வண்டி. அத்தனை டார்க்கும் ரோட்டுக்குப் போய்ச் சேருவது உள்ளங்கையை விடச் சற்றே பெரிய இரண்டு ரப்பர் பரப்புகளின் வழியாகத்தான். ஆகவே இந்த வண்டிக்குப் பின் டயர் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரப்பரின் பிடிப்பு. அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். கிளையில் இதைத் தெளிவாகச் சொன்னேன். முன்சக்கரங்களில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இருக்கிறது, பின்னாலும் அதையோ அதற்கு இணையான கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரையோதான் போட வேண்டும் என்றும் சொன்னேன்.

விற்பனையாளர் காட்டியது வேறொரு நிறுவனத்தின் டூரிங் வகை (நெடுந்தூரப் பயணத்துக்கான) டயர். "சைஸ் ஒன்றுதான் சார், கிரிப்பும் அதேதான், ஆனால் இரண்டு மடங்கு ஓடும்" என்றார். பக்கச்சுவரில் அச்சாகியிருந்த "டிராக்ஷன் ஏ" என்ற எழுத்தையும் பிடிப்புக்குச் சான்றாகக் காட்டினார். அந்த எழுத்து அமெரிக்கத் தர முறைப்படி தரப்படுவது. நனைந்த தார்ப் பரப்பிலும் கான்கிரீட் பரப்பிலும் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிப்பை மட்டுமே அது குறிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது டயர் வழுக்குமா, வளைவில் நிற்குமா என்பது பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதிலும் ஏ என்பது உச்சம் இல்லை. அதற்கு மேல் ஏஏ இருக்கிறது, என் முன் டயர்களில் இருப்பது அதுதான்.

அதே பக்கச்சுவரில், டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் குறிக்கும் "டிரெட்வேர் 560" என்ற எண்ணும் இருக்கிறது. முன் டயர்களில் அந்த எண் 300. இந்த எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே நிர்ணயிப்பதால் ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொன்றின் 300-உடன் அப்படியே ஒப்பிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் 300-க்கும் 560-க்கும் உள்ள இடைவெளி அப்படிக் கழித்துவிடக் கூடியது இல்லை. நீண்ட நாள் ஓடுவதற்காகக் கலக்கப்பட்ட கெட்டியான ரப்பர் ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதிந்து கவ்வுவது குறைவு. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் செடானுக்கு அது நல்ல டயராகவே இருக்கலாம். முன்னால் அதிகப் பிடிப்பும் பின்னால் குறைந்த பிடிப்பும் உள்ள வி8 வண்டி, வளைவில் சற்று அழுத்தினாலே பின்பக்கத்தை வெளியே தள்ளும். ஈரத்தில் அதைச் சமாளிக்க நேரமே கிடைக்காது.

நடந்ததும் அதுவே. நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த சாரல் ரோட்டை லேசாக நனைத்திருந்தபோது, இரண்டாவது கியரில் பாதி ஆக்ஸிலரேட்டர் கூடக் கொடுக்காத நிலையில் பின்சக்கரங்கள் சுழன்று, வண்டி வலப்பக்கமாக இழுத்தது. பக்கத்து லேனில் இருசக்கர வாகனம் ஏதும் இல்லாதது என் நல்லூழ். பழைய டயர்கள் நன்றாகத் தேய்ந்த நிலையில் இருந்தபோதும் இந்தச் சாலையில் வண்டி இப்படி நடந்துகொண்டதில்லை.

ஒரே பக்கமாக இழுத்த காரணத்தை வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் ஏற்றிய பிறகே அறிந்தேன். இடது டயரின் வெளிப்பக்கத்தில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் 1122 என்று இருந்தன. வலது டயரில் அந்த எண் உட்பக்கம் திரும்பியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது 3218 என்று தெரிந்தது. அதாவது ஒன்று 2022-ஆம் ஆண்டின் 11-வது வாரத்திலும், மற்றது 2018-ஆம் ஆண்டின் 32-வது வாரத்திலும் தயாரானவை. மூன்றரை ஆண்டு கூடுதல் வயதுள்ள ரப்பர் அந்த அளவுக்கு இறுகியிருக்கும். ஒரே அச்சில் இரண்டு விதமான பிடிப்பு இருந்தால் வண்டி நேராகப் போகாது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த பிறகு இந்த அளவு எளிதில் கிடைப்பதில்லை என்பதும், பழைய ஸ்டாக் குடோன்களில் தங்கியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். "ஜோடியில் ஒன்று பழையது" என்று சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேன். சொல்லாமல் புதியதின் விலையையே வாங்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கிளையில் முறையிட்டபோது கிடைத்த பதில்கள் இன்னும் கவலை தருகின்றன. காற்றைக் குறைத்து ஓட்டச் சொன்னார்கள். நேர்கோட்டு வேகப் பந்தயத் தடமான டிராக் ஸ்டிரிப்பில், அதற்கென்றே செய்த டிராக் ரேடியல் டயரில், சில நொடி ஓட்டத்துக்குச் செய்யும் வேலை அது. நெடுஞ்சாலையில் காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. கோவையின் ஏப்ரல் வெயிலில் இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று புரியவில்லை. பிறகு "டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிறதே சார்" என்றார்கள். அது எஞ்சினின் விசையைக் குறைக்கும், சுழலும் சக்கரத்தைப் பிரேக் போட்டு அடக்கும். ரப்பரில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. கடைசியாக, ஓட்டுபவரின் கால் கனம் என்று எழுத்திலேயே பதில் தந்து கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். மிதமாக ஓட்டியும் வழுக்கியது என்பதே என் புகார் என்னும்போது இது பதிலாகாது.

ஆகவே இரண்டு டயர்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவற்றின் விலையையும் மாட்டுதல், பேலன்சிங், அலைன்மென்ட் கட்டணங்களையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். அல்லது நான் முதலில் கேட்ட தரத்தில், இரண்டும் ஒரே ஆண்டில் தயாரான டயர்களைத் தந்து, விலை வித்தியாசத்தைக் கணக்குத் தீர்க்க வேண்டும். எதுவானாலும் தயாரிப்பு வாரமும் ஆண்டும் பில்லில் எழுதப்பட வேண்டும். இனி இதுபோன்ற அதிகக் குதிரைத்திறன் வண்டிகளுக்கு முன் டயரின் வகையைக் கேட்காமல் பின் டயர் விற்கக் கூடாது என்று கிளைகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து வருபவர் பக்கவாட்டு எண்களைப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். தவறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். அதுவரை வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். டயர்களைத் தங்கள் பொறியாளர் எந்த நாளும் வந்து பரிசோதிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.