கரும்புத் தோட்டத்து ஊரில் இருக்கும் மகளுக்கு

காசிமேடு,
சென்னை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

மொரிஷியஸில் நீ குடியிருக்கும் ஊரில் ஒரு கோயில், இரண்டு கடை, மூடிப்போன சர்க்கரை ஆலையின் புகைபோக்கி, இவற்றை விட்டால் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனது கேட்கவில்லை. அந்த ஊரை அப்படித் தள்ளிவிடாதே, அம்மா.

அடிமை முறை ஒழிந்த காலத்தில், 1834 முதல், கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். நம் கரையிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மசூலாப் படகு. அதில் ஆணியே இராது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். அலை தூக்கி அடித்தாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும். என் தாத்தா அந்தப் படகு தைத்தவர். கடலையே பார்த்திராத குடியானவர்கள் கைக்குழந்தையோடு அதில் ஏறியதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

போன இடத்தில் ஒப்பந்தக் கூலி. ஒருநாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். அதிலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். பிற்பாடு சர்க்கரை விலை சரிந்து, தோட்டக்காரர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது அதை வாங்கிக் குடியேறினார்கள். அங்கே பல ஊர்கள் எழுந்தது அப்படித்தான். வயல் நடுவே மலைபோல் கிடப்பதாக நீ எழுதிய கருங்கற்களும் நிலத்தைத் திருத்தியவர்கள் பொறுக்கிக் குவித்தவை.

தமிழ் பேசத் தெரியாத உன் வீட்டுக்கார அம்மாள் வருடம் தவறாமல் காவடி எடுக்கிறார் என்கிறாயே! தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறைதானே, அவர் கூப்பிட்டால் கூடவே போ. அவருடைய முன்னோர் பெயர் தெரியுமா என்று கேள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் குடியேறியவர்களின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிறார்கள். தகப்பன் பெயர், சொந்த ஊர் எல்லாம் அதில் பதிந்திருப்பார்கள். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். ஓர் எழுத்தும் மாற்றாமல் எனக்கு அனுப்பு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமாக இருந்தால் நானே நேரில் போய் விசாரித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா