ஆண்டறிக்கை: விளக்குக்கு வருமுன் நடப்பவை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், திரளாக வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் சங்கத்தின் ஓராண்டு வேலையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழு எடுத்த முடிவுப்படி இந்த ஆண்டு முழுவதும் அந்துப்பூச்சிகளையே எடுத்துக்கொண்டோம். பட்டாம்பூச்சி என்றாலும் நாலு பேர் வருவார்கள், அந்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. வந்தார்கள். அதில் பாதிப்பேர் பட்டுப்புடவையைக் காப்பாற்ற வழி தேடி வந்தவர்கள் என்பதையும் அறிக்கையில் சேர்த்துவிடுகிறேன்.

ஆண்டு முழுக்க எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: விளக்கைச் சுற்றும் பூச்சியை எப்படி ஒழிப்பது? நம் ஊர்க் கணக்குப்பிள்ளை மொழியில் சொன்னால், பறக்கும் பூச்சி வெறும் ஐந்தொகை, அதாவது ஆண்டு முடிவில் எழுதும் இருப்புக் கணக்கு. வரவு செலவெல்லாம் அது புழுவாக இருந்தபோதே நடந்து முடிந்திருக்கும். இலையையோ பட்டுத் துணியையோ நெல்லையோ தின்றது அந்தப் புழுதான். பறக்கும் பருவத்தில் பல வகைகளுக்குத் தேன் உறிஞ்சும் குழல் மட்டுமே உண்டு. பட்டுப்பூச்சி போன்ற சிலவற்றுக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்துச் சில நாள் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். ஆகவே முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்றும் எங்கே கிடக்கின்றன என்று தேடுவதைத்தான் சங்கம் இந்த ஆண்டு பழக்கியது.

அடையாளம் காண்பதில் முதலில் பார்க்க வேண்டியது உணர்கொம்பு. பட்டாம்பூச்சிக்கு அதன் நுனியில் சிறு குமிழ் இருக்கும். அந்துக்கு நூல் போலவோ கோழியிறகு போலவோ இருக்கும். உணர்கொம்பின் இறகு அகலமாக விரிந்திருந்தால் பெரும்பாலும் ஆண். பெண் விடும் வாசனையைத் தொலைவிலிருந்தே பிடிக்க அந்த அகலம் வேண்டியிருக்கிறது. நிறத்தையும் நேரத்தையும் வைத்து முடிவு கட்டக்கூடாது. பளிச்சென்ற நிறத்தோடு பட்டப்பகலில் பறக்கும் அந்துகளும் உண்டு. கையில் ஒட்டும் பொடி உண்மையில் செதில்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நம் வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சிறகைப் பிடித்துத் தூக்கினால் அந்த ஓடுகள் உதிரும், திரும்ப முளைக்காது.

விளக்கு இரவுகளை மாதம் ஒன்று வீதம், அமாவாசையை ஒட்டி நடத்தினோம். வெள்ளை எட்டு முழ வேட்டியைச் சுவரோரம் கட்டி, 160 வாட் மெர்க்குரி பல்பை ஓர் அடி முன்னே தொங்கவிட்டு, இருட்டியதிலிருந்து பதினொரு மணி வரை பார்த்தோம். மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான இரவில் கூட்டம் நெரியும். காற்று வீசினாலோ, பக்கத்தில் தெருவிளக்கு இருந்தாலோ வேட்டி காலியாகவே கிடக்கும். மின்சாரம் போய் வந்தால் மெர்க்குரி பல்பு உடனே எரியாது, ஆறிய பிறகுதான் எரியும். கெட்டுவிட்டதென்று நினைத்துக் கழற்றக் கைவைத்தால் சுட்டுவிடும். சூடான பல்பில் தூறல் விழுந்தாலோ கண்ணாடி தெறிக்கும். ஒரு பல்பை அப்படித்தான் இழந்தோம். வேட்டியின் கீழ் விளிம்பு தரையைத் தொட்டால் எறும்பு ஏறிவிடும். விடியுமுன் வேட்டியை உதறி எல்லாவற்றையும் செடிகளுக்குள் விட்டுவிட வேண்டும். தாமதித்தால் கரிச்சான் வந்து வரிசையாகக் கொத்திக்கொண்டு போகும்.

பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நல்ல விளக்கம் தந்தது. இரவில் தரையைவிட வானம் வெளிச்சமானது, ஆகவே பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே வைத்துக்கொள்ளும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் அதையே வானமாக எடுத்துக்கொண்டு முதுகைச் சாய்க்கிறது, பாதை வளைகிறது, வெளியேற முடியாமல் சுற்றுகிறது. விட்டில் தீயின்மேல் ஆசைப்பட்டு விழுகிறது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோம். ஆசையெல்லாம் இல்லை, வழி தவறியதுதான்.

வளர்த்துப் பார்க்க எடுத்துக்கொண்டது அரளிப் பருந்துப்பூச்சி என்ற அந்து. அதன் புழு தின்னும் அரளியும் நந்தியாவட்டையும் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு என்பதே காரணம். புழுவை இலையில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம், நிறம் அப்படியே இலைப் பச்சை. தரையைப் பார்க்க வேண்டும். செடிக்குக் கீழே ஆத்தங்குடித் தரைக்கல்லில் மிளகு சிந்தியது போல உருண்டைகள் கிடந்தால் அது எச்சம். காய்ந்ததை விட்டுவிட்டு ஈரமாக இருப்பதற்கு நேர் மேலே பார்த்தால் புழு இருக்கும். உருண்டை கடுகளவா மிளகளவா என்பதை வைத்தே புழுவின் பருவத்தைச் சொல்லிவிடலாம்.

முட்டை வெளிர்பச்சை, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், இலைக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். நாலைந்து நாளில் பொரியும். பொரித்த புழு மஞ்சள் நூல்துண்டு போல, வாலில் உடம்புக்குப் பொருந்தாத நீளக் கறுப்புக் கொம்போடு இருக்கும். நான்கு முறை தோலுரிக்கும். தோலுரிக்குமுன் ஒரு நாள் அசையாமல் கிடக்கும்போது செத்துவிட்டது என்று தொடக்கூடாது. தொட்டுப் பிய்த்தால்தான் சாகும். முழு வளர்ச்சியில் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு போலிக்கண்கள், கொம்பு குட்டையாகி ஆரஞ்சு நிறம். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்து அந்தக் கண்களை உப்பிக் காட்டும். குருவிக்கு அது பாம்பு. நமக்குக் கடியும் இல்லை, நஞ்சும் இல்லை. ஆனால் அரளிப் பாலில் நஞ்சு உண்டு, இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தின்றபின் ஒருநாள் முதுகு பழுப்பாகும், தின்பதை நிறுத்தும், இறங்கி நடக்கும். நோய் வந்துவிட்டது என்று பலர் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அது கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. பெட்டியில் நாலு விரற்கடை காய்ந்த சருகு போட்டால் உள்ளே போய்ச் சில இழைகளைப் பின்னிக்கொண்டு அடங்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரவு நேரத்தில் பூச்சி வெளிவரும். அப்போது சிறகு ஈரத்துணி போலச் சுருங்கியிருக்கும். உடனே மேலேறித் தொங்கினால்தான் இரத்தம் இறங்கிச் சிறகு விரியும். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தவர்களின் பூச்சிகள் ஏற முடியாமல் வழுக்கி, சிறகு மடங்கியபடியே காய்ந்துவிட்டன. சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதும். மூடிய பாட்டிலில் வளர்த்தவர்களுக்கு வேறு கதை: இலையின் ஈரம் உள்ளேயே வியர்த்து, எச்சம் பூசணம் பிடித்து, புழு கறுத்துத் தொங்கியது. வலைத்துணி மூடியும் தினசரி துப்புரவும் கட்டாயம்.

இனி வீடுகள். வெண்சாந்துச் சுவரில் பூசணி விதை அளவில், சாம்பல் நிறத்தில், தட்டையாக ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் கூடு எல்லோரும் பார்த்ததுதான். 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சாந்தை அரிக்கும் பூச்சி என்று பயந்து மருந்தடித்தவர்கள் உண்டு. அது சாந்தைத் தின்பதில்லை. புழு தன் பட்டிழையால் ஒரு வளைவு பின்னி, அதில் மணலையும் தூசியையும் ஒட்டிக் குழாயாக்கிச் சுமந்து திரிகிறது. இரண்டு முனையிலும் வாசல் உண்டு, உள்ளேயே திரும்பி எந்தப் பக்கமும் தலை நீட்டும். தின்பது ஒட்டடை, உதிர்ந்த மயிர், செத்த பூச்சி, கம்பளி. முட்டைகள் சுவரும் தரையும் சேரும் இடுக்கில் இருக்கும். பத்து நாளுக்கு மேல் ஆகிப் பொரிந்து, புழுவாக ஐம்பது நாள், கூட்டுப்புழுவாக ஏறக்குறைய பதினாறு நாள். மருந்து கூட்டின்மேல்தான் படும், உள்ளே இருப்பதைத் தொடாது, சுவர்தான் கறைபடும். ஒட்டடைதான் அதன் சாப்பாடு. முற்றம் வைத்த வளவு வீட்டு உத்தரத்துக்கு மேலே உள்ள ஒட்டடையை எடுத்து, சுவரடி இடுக்கைத் துடைத்துவிட்டால் பட்டினியில் குறையும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கும் வீடுகளில் இது பெருகுவதற்குக் காரணமும் இதுவே.

ஆச்சிமார் கேட்ட பட்டுக்கு வருவோம். துணி அந்து பட்டையும் கம்பளியையும் அரிக்கும். கண்டாங்கிச் சேலை பருத்தி என்பதால் அதற்கு அவ்வளவு பயமில்லை, வியர்வையோ எண்ணெயோ பட்டிருந்தால் ஒழிய. ரத்தினக் கம்பளத்தைச் சுருட்டி வருடக்கணக்கில் பரணில் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. அந்துருண்டை வேலை செய்வது அதன் ஆவியால். சந்து உள்ள பெட்டியில் ஆவி வெளியேறிவிடும். காற்றைவிடக் கனமான ஆவி என்பதால் உருண்டையைத் துணிக்கு மேலே, ஜரிகையில் படாமல், துணிப்பையில் கட்டி வைக்க வேண்டும். வேப்பிலையும் நொச்சியும் ஓரளவு அண்டவிடாமல் செய்யும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. காயாத இலையை வைத்தால் ஈரம் கோத்துப் பூசணம் வேறு. ஏற்கெனவே புழு இருக்கும் சிறு துணியை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உதறி மடிப்பை மாற்றுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

நெல் அந்து பற்றிச் சுருக்கமாக. புழு மணிக்குள் இருந்தே தின்று, வெளியேற வட்டமாக ஒரு மூடி வெட்டி வைக்கும். பூச்சி பறந்தால் மணி கோது. மூட்டை கட்டாமல் குவித்த நெல்லில் மேல் ஓரடிக்குள்தான் சேதம் இருக்கும். நன்றாகக் காய்ந்த நெல்லில் பெருக்கம் குறையும். நெல் வயலில் குருத்துப்பூச்சிக்கு, பூச்சி முட்டைக்குள் ஒட்டுண்ணியாக வளரும் ட்ரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியின் முட்டை ஒட்டிய காகித அட்டையை, ஏக்கருக்கு 2 சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை என்ற கணக்கில் நட்ட 30, 37ஆம் நாட்களில் மாலையில் கட்டலாம். அந்த வாரத்தில் மருந்தடித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு வீண்.

பறக்கும் பூச்சி வெறும் ஐந்தொகை என்ற கணக்கு பொருந்தாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று மானாவாரி நிலக்கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி. கூட்டுப்புழுவாக மண்ணில் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மாதக்கணக்கில் உறங்கி, நல்ல மழை பெய்த சில நாளில் மாலையில் மொத்தமாகக் கிளம்பும். வெள்ளைச் சிறகு, முன் விளிம்பில் மஞ்சள் கோடு. முட்டையிடுமுன் அந்த இரவுகளில் விளக்குப்பொறி வைத்தால் பலன் உண்டு. விட்டுவிட்டால் இலையின் அடியில் குவியலாக முட்டையைத் தேட வேண்டும். அதையும் விட்டால் வயலைச் சுற்றி 30 சென்டிமீட்டர் ஆழம், 25 சென்டிமீட்டர் அகலத்தில் செங்குத்தான பள்ளம் வெட்ட வேண்டும். பள்ளத்தின் ஓரம் சரிந்திருந்தால் புழு ஏறிவிடும். இரண்டாவது, மாதுளையைத் துளைக்கும் பழ அந்து. இதில் பூச்சியே குற்றவாளி, குழலின் நுனி அரம் போல இருக்கும். புழுவோ வேலியில் ஓடும் சீந்தில் கொடியைத் தின்றுகொண்டு யாருக்கும் தொல்லையில்லாமல் இருக்கும். பழத்துக்கு உறை போடுவதே பயன் தந்தது. சீந்திலை வெட்டச் சொன்னால் மருந்துக்காக வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

ஊருணிக் கரையில் உள்ள வெள்ளை விளக்குகளுக்கு மறைப்புப் போட்டு, மஞ்சள் ஒளிக்கு மாற்றக் கேட்டு மனு கொடுக்கத் தீர்மானம் முன்மொழியப்படுகிறது. தணிக்கை செய்த வரவு செலவு தனித்தாளில் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். விளக்குக்குக் கட்டும் இரண்டு வேட்டியும் கறையேறிக் கிழிந்துவிட்டன. நீலம் போடாத பழைய வெள்ளை வேட்டி யாரிடமாவது இருந்தால் அடுத்த அமாவாசைக்குள் கொடுத்து உதவவும்.

இப்படிக்கு,
செயலாளர்