பழைய துப்பறியும் விளையாட்டுக் கருவி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

1979-இல் ஐடியல் நிறுவனம் வெளியிட்ட 'எலக்ட்ரானிக் டிடெக்டிவ்' போன்ற, பேட்டரியில் இயங்கும் மின்னணுக் கருவியோடு வரும் கொலைத் துப்பு விளையாட்டுகளைப் பழையதாக வாங்குவோர் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பார்க்க வேண்டும். இணைப்புத் தகடுகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அல்கலைன் பேட்டரியின் கசிவு. வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். துருவேறிய தகட்டை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். சுரண்டக் கூடாது, முலாம் போய்விடும்.

கொலையாளி யார் என்பது கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். நடுவில் மின்சாரம் போனால் வழக்கே அழிந்துவிடும்; ஆகவே புது பேட்டரியோடு தொடங்குவதே நல்லது.

ஆடுவோர் துப்புகளைக் குறித்துக்கொள்ளும் குறிப்புத்தாள் கடைசி ஒன்றாகும்முன் நகலெடுத்து வையுங்கள். விடையைத் தப்பாகக் குறித்துவிட்டு, கருவிமேல் பழிபோடுவோர்தாம் அதிகம்!

— ஒரு வாசகர்