ஒகேனக்கல்லில் தடைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மீட்புக் குழுவும் நிற்கட்டும்

தருமபுரி மாவட்ட நிர்வாகத்துக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் பென்னாகரம் வட்டத்தில் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியர். கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து ஒருவர் பேரலைச் சறுக்கைப் பற்றி மடல் எழுதுவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் மாணவர்கள் போர்ச்சுகல் நாட்டு நசாரே கடற்கரையின் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். மலைபோல எழும் அலையின் சரிவில் ஒரு மனிதன் பலகைமீது நின்றபடி இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு மைதானத்தில் அதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆடியில் காவிரி செம்மண் நிறத்தில் பெருகி வரும்போது அதே பிள்ளைகளுக்கு ஒகேனக்கல் பாறை விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசை வருகிறது. அந்த ஆசையை நாம் இதுவரை தடைப் பலகையால் மட்டுமே எதிர்கொண்டிருக்கிறோம். அது போதாது என்று சொல்லத்தான் இந்தத் திறந்த மடல்.

அந்த விளையாட்டின் ஈர்ப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். நசாரேவுக்கு எதிரே கடலடியில் சுமார் 230 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது. சில இடங்களில் அதன் ஆழம் 5,000 மீட்டரை நெருங்கும். அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் அலைத்தொடர் பள்ளத்தாக்கின் ஆழத்துக்கு மேலே வேகம் குறையாமல் வருகிறது. பக்கத்து ஆழமற்ற பகுதியில் வருவது தளர்ந்து வருகிறது. இரண்டும் கரையருகே மோதி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போதுதான் அந்தப் பேரலை எழுகிறது. 2011 நவம்பரில் காரெட் மெக்நமாரா அங்கே 78 அடி அலையில் சறுக்கியபோதுதான் அந்த ஊரின் பெயர் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டொய்ட்னர் சறுக்கிய அலை 86 அடி; எட்டு மாடி உயரம். அதில் நின்று இறங்குவது சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளுக்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் உடலைத் தயார் செய்கிறார் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது சிலிர்ப்பூட்டாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் காணொளியில் வராத பகுதி ஒன்று இருக்கிறது. விழுந்தவரின் கதி அது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. உடைந்து விழும் பேரலையில் அப்படிப்பட்ட கன மீட்டர்கள் எண்ணற்றவை. உள்ளே அழுத்தப்பட்டவருக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. அவர் மேலே வந்து ஒரு மூச்சு இழுப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடலாம். 2010இல் கலிபோர்னியாவின் மாவரிக்ஸ் கடலில் ஷேன் டோரியன் அப்படித்தான் இரண்டு அலைகளின் அடியில் சிக்கிப் பிழைத்தார். பிழைத்தவர் அதை வீரக்கதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பி ஆளை மேலே தூக்கும் உடுப்பு ஒன்றை உருவாக்க முனைந்தார். இன்று அத்தகைய உடுப்பு இல்லாமல் பேரலைக்குள் இறங்குவோர் அரிது.

அதே மாவரிக்ஸில் 1994 டிசம்பர் 23 அன்று மார்க் ஃபூ இறந்தார். ஹவாயின் பேரலைகளில் பெயர் பெற்றவர். அன்றைய அலைகளில் அவர் விழுந்தது மிகப் பெரியதும் அல்ல. சுற்றிலும் சறுக்குநர்களும் படப்பிடிப்பாளர்களும் இருந்தும், அவர் மேலே வரவில்லை என்பதை யாரும் உடனே கவனிக்கவில்லை. நீண்ட நேரம் கழித்துத்தான் உடலைக் கண்டார்கள்.

2013 அக்டோபரில் நசாரேவில் மாயா கபெய்ரா விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்து, நினைவிழந்து மிதந்தார். சக சறுக்குநர் கார்லோஸ் பூர்லே ஜெட் ஸ்கீ என்னும் நீர் ஸ்கூட்டரில் போய் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார். மணலில் கிடத்தி, மார்பை அழுத்தி, மூச்சை மீட்டார்கள். அந்தப் பெண் 2018இல் அதே கடலுக்குத் திரும்பி 68 அடி அலையிலும், 2020இல் 73.5 அடி அலையிலும் சறுக்கி, பெண்களில் உலக சாதனை படைத்தார். மார்க் ஃபூவுக்கும் மாயாவுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவர் விழுந்ததைப் பார்த்து உடனே போவதற்கு ஆள் இல்லை, மற்றவருக்கு இருந்தார். இன்று நசாரேவில் கலங்கரை விளக்கப் பாறைமேல் நின்று ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டு வாக்கி டாக்கியில் சொல்ல, கீழே மீட்பு ஜெட் ஸ்கீகள் காத்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் 2023 ஜனவரியில் அங்கே மார்சியோ ஃப்ரெய்ரே உயிரிழந்தார். முழுப் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

இப்போது நம் ஆற்றுக்கு வருகிறேன். ஒகேனக்கல் நீர் நசாரேவைவிடச் சிறியது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு விதத்தில் நம் நீர்தான் இரக்கமற்றது. கடலலை எத்தனை பெரியதானாலும் கடந்து போய்விடும். அருவியின் அடியில் சுழலும் நீர் கடந்து போவதில்லை. பிடித்தவரை அதே இடத்தில் உருட்டிக்கொண்டே இருக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் அதில் உடல் எளிதில் மிதக்காது; நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கீழே போவது இதனால்தான். ஆறு காலங்காலமாகக் குடைந்த பாறைப் பொந்துகள் வேறு கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கின்றன. ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 கிலோ. நொடிக்கு 10,000 கன அடி என்று செய்தியில் படிக்கும்போது 280 டன் எடை நொடிதோறும் கடந்து போகிறது என்று எத்தனை பேர் கணக்கிட்டுப் பார்க்கிறோம்? 2024 ஜூலை இறுதியில் ஒரு லட்சம் கன அடியையும் தாண்டி வந்ததே!

பேரலைச் சறுக்குநர்கள் அலை வருவதை நாட்கணக்கில் முன்னரே அறிகிறார்கள். நமக்கும் அந்த வசதி இருக்கிறது. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறக்கும் நீர் இங்கே வந்துசேர நேரம் பிடிக்கிறது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அதை அளக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கிறீர்கள். அது சரியான முடிவுதான். அந்தத் தடை நாட்களில் மாமரத்துக்கடவு பரிசல் துறையில் பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பரிசல் ஓட்டிகள் வருமானமின்றி இருப்பார்கள். எந்தப் பாறைக்கு அருகே எவ்வளவு நீர் வந்தால் சுழல் எப்படித் திரும்பும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. ஆகவே என் முதல் வேண்டுகோள்: தடை நாட்களில் அவர்களைத் தினக்கூலிக்கு மீட்புக் காவலர்களாக அமர்த்துங்கள். கயிறு எறிந்து மீட்கவும், மார்பழுத்த முதலுதவி செய்யவும் தீயணைப்புத் துறையினர் வழியாகப் பயிற்சி கொடுங்கள். தொங்கு பாலத்தில் வாக்கி டாக்கியுடன் ஒருவர் ஆற்றை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

இரண்டாவது வேண்டுகோள்தான் எனக்கு மிக முக்கியமானது. நீச்சல். எங்கள் தலைமுறை கிணற்றில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் இறங்கி, பாதிக் கிணறுகள் இன்று முட்செடி அடைந்து கிடக்கின்றன. கைப்பேசியில் பேரலையைப் பார்க்கும் பிள்ளைக்கு இடுப்பளவு நீரில் மிதக்கத் தெரியவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கிணறுகள் இருந்த காலத்திலும் நீச்சல் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஏரியில் ஒருத்தி வழுக்க, காப்பாற்றப் போன அக்காவும் அத்தையும் சேர்ந்து மூழ்கிய செய்தியைக் கோடைதோறும் எங்காவது படிக்கிறோம். எங்கள் நெஞ்சு பதறுவதோடு அது முடிந்துவிடுகிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூன்று பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளை வீசி இரண்டு இளைஞர்களை நீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றினார்களே, அந்த ஒரு செயலை எல்லாப் பள்ளிகளிலும் பயிற்சியாகவே சொல்லித்தரலாம்: குதிக்காதே, எறி.

மூன்றாவது ஒரு கனவு. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது; இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். சென்னைக்கு அருகே உள்ள கோவளத்தின் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் பெயர் பெற்றிருக்கிறார்கள். ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையின் பரிசல் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நீரின் நடை உடம்பிலேயே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் காசுக்காகப் பாறையிலிருந்து குதித்துக் காட்டிய சிறுவர்களை நாம் விரட்டினோம். அவர்களுக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை. நீச்சலில் தேறும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஒரு வாரம் கோவளத்துக்கு அனுப்பி, சிறிய அலையில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, பலகைமீது நிற்க வையுங்கள். பஸ் செலவும் தங்கும் செலவும் ஒரு விழா மேடைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

படிக்கட்டும் போதிய நீரும் உள்ள கிணறுகள் எங்கள் வட்டத்தில் இன்னும் இருக்கின்றன. ஊர் ஊராகப் பார்த்து உரிமையாளர்களிடம் சம்மதம் கேட்டு வருகிறேன். ஏப்ரலில் தேர்வுகள் முடிந்ததும் பயிற்சி தொடங்க வேண்டுமானால், உயிர்காப்பு உடுப்புகளுக்கும் ஒரு பெண் பயிற்றுநருக்கும் மார்ச்சுக்குள் அனுமதியும் நிதியும் வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு நானே சொல்லித்தருவேன், ஊதியம் வேண்டாம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.